ஒட்டாத உதடுகள்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் லிகாயாவின் பெட்டியை வாசற்கதவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். பெட்டி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஆனால் இன்றைக்கு ஞாயிறு. சாயங்காலம் செபுவுக்கு விமானம். பெட்டியோடு அவளும் போவாளா, இல்லை, எப்போதும் போல இரண்டையும் அம்மா உள்ளே இழுத்துப் போட்டுவிடுவாளா என்பதுதான் கேள்வி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பெர்லா மொந்தேரோவை இந்த ஊரில் யாரும் பெர்லா என்று கூப்பிடுவதில்லை. 'நானாய் குரிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானாய் என்றால் அம்மா. மாலைத் தொடரில் ஊரார் துணியைத் துவைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறாளே, அந்த ஏழைத் தாய். அவள் அழுதால் பிலிப்பைன்ஸ் முழுக்கச் சோறு இறங்காது. நிஜத்தில் அவள் பெற்றது இரண்டு. மூத்தவன் போங். நாற்பதைத் தாண்டியும் 'மம்மியின் மேனேஜர்' என்ற பட்டத்தோடு மம்மி காசில் காலம் தள்ளுகிறவன். இளையவள் லிகாயா. பேருக்கு அர்த்தம் மகிழ்ச்சி. பேரோடு சரி.

பெர்லாவுக்குக் கண் மங்கிவிட்டது. காது மட்டும் பாம்புக்காது. தினமும் காலையில் லிகாயா வசனத்தாளை வாசிக்க, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு படப்பிடிப்புக்குப் போவாள். இந்த விஷயம் சேனலுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த வாரமே நானாய் குரிங்கின் மேல் லாரி ஏற்றிக் கதையை முடித்துவிடுவார்கள்.

'வயதான காலத்தில் தாயை விட்டுப் போகிறாளே, பெர்லா பாவம்' என்று கடிதம் எழுதிய சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்.

*

"இன்னொரு தடவை மம்மி. 'என் பிள்ளையை அடிக்காதீங்க. அடிக்கணும்னா என்னை அடிங்க.'"

"அப்படியாடி வாசிக்கறது? ஜீப்புக்கு ஆள் கூப்பிடறவன் மாதிரி இருக்கு உன் குரல்."

"நான் நடிகை இல்லையே."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ நடிகை இல்ல. அழகி இல்ல. முப்பத்தாறு வயசாச்சு, ஒருத்தனுக்குப் பெண்டாட்டியும் இல்ல. செபுவுல போய் என்னன்னு சொல்லிக்குவே?"

"டீச்சர்னு."

பெர்லா காப்பியை உறிஞ்சினாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கோப்பை சுவரில் மோதும். இன்று மோதவில்லை. அப்போதே லிகாயா உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த டீச்சர் வேலை அவளுக்குக் கிடைத்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். அவளுடைய கூட்டாளிகள் யாருக்கும் பழைய படம் என்றாலே கசப்பு. 'கறுப்பு வெள்ளையா? என் செத்துப்போன தாத்தாவைக் கூப்பிடு' என்பான் ஜூன்ஜூன். லிகாயா ஒரு வழி கண்டுபிடித்தாள். டிவியில் தினமும் பார்க்கிற முகத்தைக் காட்டித்தான் ஆளை இழுப்பது. மாலைத் தொடரில் எல்லாரும் கரித்துக் கொட்டுகிற மேயர் துலோ இருக்கிறானே, அந்த வழுக்கைக் கிழவன், எஃப்ரேன் சலூதா. 'அவன் இருபத்திரண்டு வயசுல சட்டையில்லாம ஓடுறான், பாக்கறீங்களா?' என்று ஆரம்பித்தாள். மேயரைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் படம் முடியும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கும்பல் இங்கேதான். விஷயம் பரவி, செபுவில் ஒரு கல்லூரி, 'இதையே எங்கள் பிள்ளைகளுக்கும் செய்யுங்கள்' என்று கூப்பிட்டுவிட்டது.

"இன்னிக்கு உன் கூட்டாளிங்க வருவாங்க இல்ல?" என்றாள் பெர்லா.

"வருவாங்க. கடைசி ஞாயிறு."

"அப்போ நம்ம படகைப் போடு."

லிகாயாவின் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது. 'மணிலாவுக்குப் போகும் படகு'. பெர்லாவுக்கு விருது வாங்கிக் கொடுத்த படம். லிகாயா வாழ்க்கையில் நடித்த ஒரே படமும் அதுதான். நாலு வயதில், ஒரே ஒரு காட்சி. அந்தக் காட்சியை மற்ற எல்லாரும் எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவள் மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு இதுவரை நண்பர்களுக்குப் போட்டதில்லை.

"நிஜமாவா மம்மி?"

"போடு. நானும் கூட உக்காந்து பாக்கறேன். போகும்போது சந்தோஷமாப் போ."

லிகாயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வயதிலும் அம்மாவின் ஒரு நல்ல வார்த்தைக்கு இப்படி உருகுகிற பெண்ணை என்ன சொல்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

*

பெர்லா போட்ட கணக்கு இதுதான்.

மகள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் அவள் அந்தக் காட்சியைத்தான் எடுத்து வீசுவாள். மேற்படிப்புக்கு வெளியூர் போக இடம் கிடைத்தபோது வீசினாள். அர்னெல் பெண் கேட்டு வந்தபோது வீசினாள். 'உன் நாலு வயசுல, நான் சும்மா படகுல ஏறி நடிச்சதுக்கே அந்தக் கத்து கத்தினியே, நிஜமா நீ என்னை விட்டுப் போயிடுவியா? அந்தக் குழந்தை எங்கேடி?' இரண்டு தடவையும் பெட்டி பிரிக்கப்பட்டது. படிப்பு போயிற்று. அர்னெல் இப்போது தவாவோவில் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

இந்தத் தடவை வாயால் சொல்லிப் பலிக்கவில்லை. அதனால் படத்தையே போட்டு, அதுவும் அவளுடைய கூட்டாளிகள் முன்னால் போட்டு, அவர்கள் கண்ணும் கலங்கியிருக்கும்போது கேட்பது என்று முடிவு. நானாய் குரிங்கை எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

*

பன்னிரண்டு மணிக்கு ஜூன்ஜூன் ஒரு பெரிய தட்டு பன்சித் நூடுல்ஸோடு வந்தான். பின்னாலேயே எலுமிச்சம்பழப் பையோடு டின்டின்.

"டீட்டா பெர்லா! நேத்து எபிசோடு பாத்துட்டு எங்க பாங்க்ல கேஷியர் அழுதுட்டா!" ஜூன்ஜூன் குனிந்து, அத்தைக்குக் காட்டுகிற மரியாதையாக, அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"நல்லாயிருப்பா. பாங்க்ல சேந்ததும் உன் வயித்துல நல்லா டெபாசிட் ஏறியிருக்கே. வட்டி வேற போடறாங்களா?"

ஜூன்ஜூன் சிரித்தான். அவனுக்கு அது பழக்கம்.

"டின்டின், நீ இன்னும் கொரியாக்காரிகளுக்கு வாய் கொடுத்துட்டுதான் இருக்கியா? முகத்தைக் காட்ட யாரும் கூப்பிடலையா?"

டின்டின் கொரியத் தொடர்களுக்கு நம் பாஷையில் குரல் கொடுக்கிறவள். மதியம் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வீடு அழுகிற அந்தப் பணக்கார மருமகள் குரல் இவளுடையதுதான். "இந்த முகத்துக்கு இருட்டறைதான் டீட்டா சரி," என்றாள். அவளும் சிரித்தாள். இந்த வீட்டில் சாப்பாடு வேண்டுமென்றால் முதலில் நாலு குத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சாப்பிட்டு முடித்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். பெர்லா நடுச் சோபாவில். டிவியிலிருந்து இரண்டடியில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு உருவம் தெரியும். போங் வாசல் பக்கம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தோதாக.

லிகாயா எழுந்து நின்றாள். அவள் முகம் மாறுவது இந்த ஒரு சமயத்தில்தான்.

"இன்னிக்கும் உங்க மேயர் வர்றான்," என்றாள்.

"தூக்குல போடுங்கடா அவனை!"

"இந்தப் படத்துல அவன் படகுக்காரன். ஊமை மாதிரி இருப்பான், பேசவே மாட்டான். கண்ணை மட்டும் பாருங்க. டிவியில ஒருத்தனை வெட்டச் சொல்லும்போது ஒரு பார்வை பாப்பானே, அதே பார்வைதான். இங்கே அது காதல்."

படம் ஓடியது. படகுக்காரன் வந்தான்.

"டேய், இதுலயும் முடி இருக்குடா!" ஜூன்ஜூன் துள்ளினான். "மேயருக்கு முடி இருக்கு!"

"அவனை எனக்குக் கட்டி வை, நான் துலோ கட்சியில சேந்துடறேன்," என்றாள் டின்டின்.

முக்கால் மணியில் சிரிப்பு நின்றுவிட்டது. கதை எளிமையானதுதான். புருஷன் இறந்த ஒருத்தி, பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு மணிலாவில் வீட்டு வேலைக்குப் போகிறாள். படகுத்துறை. சாய்கிற வெயில். பெர்லா தோளில் மூட்டையோடு படகில் ஏறுகிறாள். துறையில் ஒரு சின்னப் பெண், தொளதொளவென்று ஒரு கவுன்.

"ஐயோ, நீயா லிகா?" டின்டின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ கவனிங்க," லிகாயாவின் குரல் இறங்கியது. "எந்தக் குழந்தையும் அம்மா போற பக்கம்தானே பாத்து அழும்? இந்தக் குழந்தை படகைப் பாக்காது. முகத்தை இடது பக்கம் திருப்பிக்கும். அம்மா போறதைப் பாக்கத் தாங்கலை. நாலு வயசுல யாரும் சொல்லித்தராம அப்படித் திரும்பத் தோணியிருக்கு. இந்த ஒரு திருப்பத்தைப் பத்தி நான் கட்டுரையே எழுதியிருக்கேன்."

படகு வலப்பக்கம் நகர்ந்தது. குழந்தை இடப்பக்கம் திரும்பியது. வாய் பிளந்தது. 'மம்மி! போகாதே மம்மி! மம்மி!'

ஜூன்ஜூன் கைக்குட்டையை எடுத்தான். பெர்லா காத்திருந்த நிமிஷம் இதுதான்.

"நிறுத்து," என்றாள். படம் நின்றது. குழந்தையின் பிளந்த வாய் டிவி முழுக்க நின்றது.

"பாத்தீங்களா பிள்ளைங்களா?" நானாய் குரிங்கின் குரல் அப்படியே வந்தது, கரகரத்து, நடுங்கி. "இப்படி என்மேல உசிரா இருந்த குழந்தை. இன்னிக்கு சாயங்காலம் இந்தக் கண் தெரியாத கிழவியை விட்டுட்டுப் போறா. நான் தடுக்கலை. நீங்களே கேளுங்க. அந்தக் குழந்தை எங்கே போச்சுன்னு அவகிட்ட கேளுங்க."

ஜூன்ஜூன் தரையைப் பார்த்தான். லிகாயாவின் தலை குனிந்தது. பெட்டி பிரிக்கப்படப் போகிறது என்று எனக்கே தோன்றிவிட்டது.

டின்டின் மட்டும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை குழந்தையின் வாயில் இருந்தது. பொழுது விடிந்தால் அடைந்தால் அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவள், பாவம், அவளுக்கு அது கைவந்த வியாதி.

"லிகா, கொஞ்சம் பின்னால போட்டு மறுபடி ஓட விடேன்."

"இப்போ எதுக்கு?"

"சும்மாதான். உதடு ஒட்டலை."

மறுபடி ஓடியது. மறுபடி குழந்தை திரும்பியது, கத்தியது.

"பாரு. 'மம்மி'ன்னு சொல்லணும்னா ரெண்டு உதடும் ஒரு தடவையாவது ஒட்டணும். ஒட்டாம 'மம்மி' வராது, சொல்லிப் பாரு. இந்தக் குழந்தைக்கு ஒட்டவே இல்லை."

"அந்தக் காலத்துப் படம்தானே," என்றான் ஜூன்ஜூன். "அப்பல்லாம் படம் பிடிக்கும்போது சத்தம் பிடிக்க மாட்டாங்கன்னு இவதானே சொன்னா. அப்புறமா எவளோ ஒருத்தி அறைக்குள்ள நின்னு மம்மின்னு கத்தியிருப்பா."

"அது தெரியும்டா. குரல் யாரோடதோ இருக்கட்டும். வாய் இவளோடதுதானே? வாய் வேற என்னமோ சொல்லுது." டின்டின் முன்னால் குனிந்தாள். சத்தத்தை அவளே குறைத்தாள். "வாய் அகலமாத் திறக்குது. நாக்கு மேலே போகுது, மறுபடி திறக்குது. யா... யா. 'யாயா'. யாயான்னு கத்துது."

ஜூன்ஜூன் பக்கென்று சிரித்துவிட்டான். "அம்மா விருது வாங்கறா, குழந்தை ஆயாவைத் தேடுது!"

சத்தமில்லாத டிவியில் குழந்தை கத்திக்கொண்டே இருந்தது.

*

யாயா என்பது பேர் இல்லை. பிள்ளை வளர்க்க வைத்துக்கொள்கிற பெண்ணை இங்கே எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும்.

லிகாயாவுக்கும் ஒரு யாயா இருந்தாள். முகம் நினைவில்லை. சமைத்த சோற்றைக் கையில் உருட்டி வாயருகே கொண்டுவருகிற ஒரு கை நினைவிருந்தது, அந்தக் கையில் பூண்டு வாசனை. அதற்குமேல் நினைத்துப் பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. யாயா, மம்மியின் தோட்டைத் திருடிக்கொண்டு டிரைவரோடு ஓடிப்போனவள். அவளைப் பற்றிக் கேட்டால் அறை விழும். நாலு வயதிலேயே கேட்காமலிருக்கக் கற்றுக்கொண்டாள். பத்து வயதில் அவளை வெறுக்கவும் கற்றுக்கொண்டாள்.

"மம்மி," என்றாள் லிகாயா. "நான் யாரைப் பாத்து அழறேன்?"

பெர்லா நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அதுதானே தொழில்? ஆனால் ஜூன்ஜூன் சிரித்த சிரிப்பு சுட்டுவிட்டது. தன் பேர் சொல்லி நிற்கிற காட்சியில் தன்னைத் தவிர இன்னொருத்திக்குக் கைதட்டல் போவதை அவளால் தாங்க முடியாது.

"சிரிக்காதேடா தடியா. அந்த ஷாட்டே என் யோசனை. டைரக்டர் கையைப் பிசைஞ்சுட்டு நின்னான். வெயில் போயிட்டிருக்கு, இந்தச் சனியன் அழ மாட்டேங்குது."

"அழாம என்ன பண்ணினேன்?"

"டாட்டா காட்டினே!" பெர்லாவின் குரலில் இப்போது நானாய் குரிங் இல்லை. "பெத்தவ படகுல ஏறிப் போறேன், நீ சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டறே! யூனிட்டே சிரிச்சுது. அந்த எஃப்ரேன் இருக்கானே, உங்க மேயர், அவன் சொன்னான், 'பெர்லா, உன் பொண்ணுக்கு உன்னை வழியனுப்பிப் பழகிப்போச்சு'ன்னு. லைட்பாய் வரைக்கும் சிரிச்சான். என்னைப் பாத்து."

"அப்புறம்?"

"அந்த ஆயா கேமராவுக்குப் பின்னால பிஸ்கட்டை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தா. இடது பக்கம். போங்கைக் கூப்பிட்டேன். 'குழந்தைக்குப் பால் எடுத்துட்டு வரலாம்னு சொல்லி அவளை ஜீப்புல ஏத்து'ன்னேன். நல்ல பிள்ளை, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஏத்தினான். ஜீப்பு கிளம்பிச்சு. உடனே ஆரம்பிச்சே பாரு! ஒரே டேக். அந்த டைரக்டர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்."

வாசல் பக்கம் போங் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜீப்பு எப்போ திரும்பி வந்தது மம்மி?"

"எதுக்கு வரணும்?"

"யாயாவைக் கூட்டிட்டு."

"இன்னொரு டேக் வேணும்னா கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன். அதான் ஒரே டேக்ல முடிஞ்சுபோச்சே. பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டுட்டு வந்தான் டிரைவர். துணிமணியைப் பின்னால அனுப்பினேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல."

டின்டின் வாயைப் பொத்திக்கொண்டாள். இதைத் தொடங்கி வைத்தது தான்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவ தோடு திருடினான்னு சொன்னீங்களே?"

"சொல்லாட்டி நீ வாயை மூடியிருப்பியா? ராத்திரியெல்லாம் யாயா யாயான்னு உயிரை வாங்கினே. திருடின்னதும் ஒரு வாரத்துல அடங்கிட்டே. குழந்தைங்க அப்படித்தான், சீக்கிரம் மறந்துடும்." பெர்லா சோபாவில் சாய்ந்துகொண்டாள். "நான் பெத்த குழந்தை எனக்காக அழணும்டி. எவளுக்காகவோ இல்ல. அழலைன்னா, அழற மாதிரியாவது இருக்கணும். இத்தனை வருஷமா அந்தப் படத்தைப் பாக்கிற ஜனம் எனக்காகத்தானே நீ அழறேன்னு நினைக்குது? போதும் எனக்கு."

லிகாயா அந்த இடது பக்கத் திருப்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை நினைத்தாள். தாயன்பைப் பற்றி அதில் பதினோரு பக்கம் எழுதியிருந்தாள்.

"குயா," என்று அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "அவ அப்புறம் வரவே இல்லையா?"

போங் தலையைத் தூக்கினான். "வந்தா. உன் பொறந்த நாளுக்கு கேட்டுக்கு வெளிய..."

"போங்," என்றாள் பெர்லா.

அவ்வளவுதான், குரலைக்கூட உயர்த்தவில்லை. நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை வாயைப் பூட்டிக்கொண்டான்.

*

லிகாயா டிவியை அணைத்தாள். கைபேசியில் காருக்குச் சொன்னாள். பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள்.

"லிகா, நான் வேணும்னே சொல்லலைடி," டின்டின் அழுதுகொண்டிருந்தாள்.

"தெரியும். பன்சித் மிச்சமிருக்கு, எடுத்துட்டுப் போ."

"நாளைக்கு எனக்கு ஏழு சீன் இருக்கு!" பெர்லா எழுந்துவிட்டாள். சோபாவின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாருடி வாசிப்பா?"

"குயா வாசிப்பான்."

"அவன் வாசிச்சா எனக்கு அழுகை வராது, கொட்டாவிதான் வரும்!"

"அழுகை வரலைன்னா யாரையாவது ஜீப்புல ஏத்தி அனுப்புங்க மம்மி. ஒரே டேக்ல வந்துடும்."

அவள் இப்படிப் பேசி இந்தப் பதினேழு வாரத்தில் நான் எழுதியதே இல்லை.

கேட்டுக்கு வெளியே வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. எதிர்ப் பெட்டிக்கடையில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பீர் பாட்டிலும் வறுத்த கடலையுமாக. பெர்லா சுவரைத் தடவிக்கொண்டே மகளுக்குப் பின்னால் வெளியே வந்தாள். வீட்டுச் செருப்பு, சாயம் போன கவுன், கலைந்த முடி. தொடரில் வருகிற மாதிரியே இருந்தாள்.

"நானாய் குரிங்!" என்று யாரோ கத்தினார்கள். கடைக்காரி கல்லாவை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கைபேசிகள் உயர்ந்தன.

பெர்லா மகளின் முழங்கையைப் பிடித்தாள். பிடி இரும்பாக இருந்தது. காதோரம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"போ. போய் அவளைத் தேடு. யாயான்னு கூப்பிட்டுத் தேடுவியா? இந்த நாட்டுல எத்தனை ஆயிரம் யாயா இருக்கா தெரியுமா? உனக்கு அவ பேர் தெரியாது, ஊர் தெரியாது. எனக்குத் தெரியும். உள்ள வா, சொல்றேன். தினமும் எனக்கு வாசி, கொஞ்சம் கொஞ்சமாச் சொல்றேன்."

லிகாயாவின் ஒரு கால் காருக்குள் இருந்தது, இன்னொரு கால் தெருவில். அந்தத் தெருவில் இருந்த கால் நகரவில்லை. பேர். ஒரே ஒரு பேர். அதற்காக அவள் திரும்பியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பூண்டு வாசனை அடிக்கிற அந்தக் கையை இருபத்தாறு வருஷம் வெறுத்தவள் அதற்குக் கொடுக்க வேண்டியது கொஞ்சமா?

போங் பெட்டியைத் தூக்கிக் காரின் பின்னால் வைத்தான். மூடினான். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கத்து ஜன்னலில் குனிந்தான். அம்மாவுக்குக் கண் மங்கல், ஆனால் காது பாம்புக்காது. அது அவனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அவன் சத்தம் போடவில்லை. வாயை மட்டும் அசைத்தான்.

லிகாயா அந்த வாயைப் பார்த்தாள். முதலில் உதடு ஒட்டியது. திறந்தது. பல் தெரிய அகன்றது. மறுபடி ஒட்டியது. மெதுவாக இன்னொரு தடவை செய்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒன்பது வயதில் ஒரு பெண்ணைக் கைப்பிடித்து ஜீப்பில் ஏற்றியவன், அதற்குப் பிறகு தன் இஷ்டத்துக்குச் செய்த முதல் காரியம் இதுதான். அதையும் ஊமையாகத்தான் செய்ய முடிந்தது.

தெருவில் இருந்த காலை அவள் உள்ளே எடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

"லிகாயா!" பெர்லா கண்ணாடியைத் தட்டினாள். "லிகாயா, போகாதேடி! எனக்கு யாரு இருக்கா? லிகாயா!"

கன்னத்தில் கண்ணீர் ஓடியது. இது நிஜக் கண்ணீரா என்று என்னைக் கேட்காதீர்கள். நிஜம்தான் என்று நினைக்கிறேன். அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாரும் வாசித்துக் காட்டாமல் வந்த அழுகை.

கார் நகர்ந்தது. லிகாயா திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினாள், படகுத்துறையில் நின்ற அந்தக் குழந்தை முதலில் காட்டிய மாதிரியே. கண் எவ்வளவு மங்கினாலும் பெர்லாவுக்கு அது தெரிந்தது. தெரிந்ததால்தான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டிக்கடைக் கூட்டம் கைபேசியை இறக்காமல் பார்த்தது. பிறகு கைதட்டியது. விசில் பறந்தது. "பிரமாதம் நானாய்!" என்றான் பீர்க்காரன். "எந்த எபிசோடுக்கு இது? நான் சரியாப் பிடிக்கலை, இன்னொரு தடவை அழுங்க நானாய்!"

தெருமுனையில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். "ஏர்போர்ட்தானே மேடம்?"

அவள் உதட்டை ஒட்டி, திறந்து, அகட்டி, மறுபடி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் இன்னும் வரவில்லை.